இரண்டாவது பாட்டில்

2012 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் சாலையில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில், மூட்டை நிறுக்கும் தராசின் இரும்புத் தட்டோடு சேர்த்து லூர்து பிரகாஷின் வலது கை கட்டப்பட்டிருந்தது.

கட்டியவன் ஆண்டி, ஆலை முதலாளி ராஜகணேஷின் டிரைவர். டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போயிருந்ததால், வெயில் நேராகத் தரையில் விழுந்தது. லூர்து வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கே இருந்தான். இடது கண் வீங்கி மூடிவிட்டது. சட்டையின் முன்புறம் முழுக்கக் காய்ந்த ரத்தம். முன்பல் ஒன்று தராசுக்குக் கீழே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அவன் சொகுசுக் கப்பல் ஒன்றில் மது பரிமாறும் வேலையில் இருந்தான். விடுமுறைக்குக் கடலூர் முதுநகர் வீட்டுக்கு வரும்போது, ராஜகணேஷ் கேட்டிருந்தபடி அமெரிக்க விஸ்கி இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். ராஜகணேஷின் மைத்துனன் சாய்நாத் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனான். புயலில் சாய்ந்த மின்கம்பங்களை நடும் வேலையைப் பிடிக்க அலைந்துகொண்டிருந்த ராஜகணேஷ், சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு அதில் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினான். பெரிய மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னப்பா, பாட்டில் அமெரிக்கா, உள்ள பண்ருட்டியா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ராஜகணேஷ் எழுந்து நின்று, கொண்டுவந்தவன் இனி ஜென்மத்துக்கும் கிளாஸ் பிடிக்க மாட்டான் என்று சொன்னான்.

லூர்து அடி வாங்கிய நேரமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். சரக்கு அசல், தெரிந்தவர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். இன்னொரு பாட்டிலைப் பெரிய மனிதருக்கே பரிசாகக் கொடுத்துச் சமாதானம் செய்ய ராஜகணேஷ் நினைத்திருந்தான். அதுவும் போலியாக இருந்தால் வேலை கைவிட்டுப் போகும். அதனால் சோதனைக்குச் சம்மதித்தான். புதுச்சேரி எல்லையில் இருந்த ஒரு மது ஆலைக்கு அவனுடைய லாரிகள் ஓடின. அங்கே ஆய்வுக்கூடத்தில் சரக்கை முகர்ந்து, சுவைத்து, தரம் சொல்லும் வேலை ஜோதி மேரியுடையது.

அன்று காலைப் பூசை முடிந்ததும் அவளைக் கடலூரில் மாதா கோயில் வாசலிலேயே காரில் ஏற்றினார்கள். அதற்குச் சற்று முன்புதான் லூர்துவின் அம்மா, மீன் விற்கும் சவரிமேரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். "வெள்ளிக்கெழம போன புள்ளம்மா, போனும் எடுக்கல." அந்தப் பிள்ளை தராசில் கட்டப்பட்டிருப்பதை ஆலைக்குள் நுழைந்ததும் ஜோதி மேரி பார்த்தாள். அதற்குள் ஆண்டி அவளுடைய செல்போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம், பூசையெல்லாம் நல்லபடியா ஆச்சா?" என்றான் ராஜகணேஷ். நெற்றியில் பட்டை விபூதி, நடுவில் குங்குமம். "ஒரே ஒரு கேள்விதான். சரக்கு அசலா, போலியா? அசல்னா இவன் வூட்டுக்குப் போலாம். போலின்னா இந்தக் கை இங்கயே போவும். நீங்க பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"கட்ட அவுருங்க. அப்பறம் பாக்கறேன்."

"பாத்தப்பறம் அவுக்கலாம்" என்றான் சாய்நாத். முப்பது வயதிருக்கும். இரண்டு நாளாக அதிகம் அடித்தது அவன்தான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

மேசைமேல் இரண்டு பாட்டில்கள். ஒன்று பாதி காலி. மற்றொன்று கழுத்துவரை சிவப்பு மெழுகில் முக்கியெடுத்தபடி முழுதாக இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் வறுத்த மீனும், நறுக்கிய எலுமிச்சையும், வெங்காயமும். ஜோதி மேரி தன் பையிலிருந்து இரண்டு சிறிய கண்ணாடிக் குவளைகளை எடுத்தாள். துப்புவதற்கு ஒரு கிண்ணம் கேட்டாள்.

"துப்பறதுக்குச் சம்பளமா? எங்கிட்ட குடுத்தா துப்பாம பண்ணுவேனே" என்றான் ஆண்டி. சாய்நாத் சிரித்தான்.

"லூர்து, இது என்ன வகை? நீ குடிச்சிருக்கியா?" என்று ஜோதி மேரி கேட்டாள்.

அவன் தலையைத் தூக்கினான். உதடு கிழிந்திருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. "போர்பன்க்கா. மக்காச்சோளம் ஜாஸ்தி. மத்தவன்லாம் கூட ரைன்னு ஒரு தானியம் போடுவான், மொளகாட்டம் காரமா அடிக்கும். இவன் அதுக்குப் பதிலா கோதுமை போடறான். தொண்டைல அடிக்காது. பீப்பாய்ல ஊறி முடிஞ்சப்பறம், சுட்ட பிரெஞ்சு மரப்பலகைய உள்ள எறக்கி இன்னும் கொஞ்ச நாள் வெப்பான். அதான் இதுல விசேஷம். மொதல்ல ரொட்டி சுட்ட வாசனை வரும். கடைசில பட்டை, கிராம்பு. முழுங்கனப்பறமும் நிக்கும்."

"மனப்பாடமா ஒப்பிக்கறான் பாரு" என்று சாய்நாத் அவன் விலாவில் மிதித்தான். லூர்து வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

திறந்த பாட்டிலிலிருந்து ஜோதி மேரி கொஞ்சம் ஊற்றினாள். நிறம் தேவைக்கு மேல் கறுப்பாக இருந்தது. முகர்ந்தாள். கரும்பாலைக் கழிவின் வாடை, மேலே பேக்கரி எசென்ஸ். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தாள். பிசுபிசுத்தது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுற்றவிட்டு, கிண்ணத்தில் துப்பினாள். எரிச்சல் சட்டென்று வந்து சட்டென்று போய்விட்டது. பின்னால் எதுவும் இல்லை.

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். அசல் என்றால் லூர்து போய்விடலாம். ஆனால் பெரிய மனிதர் குடித்துவிட்டுச் சிரித்த சரக்கு இது என்று ஆண்டி காரிலேயே சொல்லியிருந்தான். நம்பமாட்டார்கள்.

"இது வெல்லப்பாகு ஸ்பிரிட். கருக்கின சக்கரையில கலர் ஏத்தியிருக்கு. போர்பன்ல கலர் போடவே கூடாது. உள்ள இருக்கறது போலி. ஆனா..."

ராஜகணேஷ் கண்ணைக் காட்டினான். ஆண்டி ஜாக்கி ராடைத் தூக்கினான்.

"இன்னும் முடிக்கல!" ஜோதி மேரி குறுக்கே போனாள். ஆண்டி அவளைத் தவிர்த்து வீசியதில் ராடு தட்டில் கட்டியிருந்த கைக்குப் போகாமல் லூர்துவின் தோளில் இறங்கியது. அவன் கத்தியது வெளியே சாலைவரை கேட்டிருக்கும். நிற்காமல் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இந்தத் தக்கைய மோந்து பாருங்க" என்று பாட்டில் மூடியை ராஜகணேஷின் மூக்கருகே நீட்டினாள். "இதுல வேற வாசனை. சுட்ட மரம். நல்ல சரக்கு இதே பாட்டில்ல இருந்திருக்கு. யாரோ ஊத்திக்கினு வேற நெரப்பியிருக்காங்க. அந்த இன்னொரு பாட்டிலப் பிரிங்க, தெரியும்."

"மாமா, பிரிச்சா பெரியவருக்கு எப்பிடிக் குடுக்கறது? சீல் போயிடும்" என்றான் சாய்நாத்.

"அதுவும் இதே மாதிரி இருந்து, அவரு அத வூட்ல வெச்சுக் குடிச்சுப் பாத்தா?" என்று ஜோதி மேரி கேட்டாள்.

ராஜகணேஷ் பாட்டிலை எடுத்து, மெழுகைப் பிரிப்பதற்காக அதற்கடியில் வைத்திருந்த நாடாவை இழுத்தான். மெழுகு ரப்பர் பட்டைபோல ஒரே துண்டாக உரிந்து வந்தது.

இரண்டாவது குவளையில் ஊற்றியதை அவள் உடனே எடுக்கவில்லை. முதலில் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். பிறகு முகர்ந்தாள். கருகிய ரொட்டி ஓரம். அதற்கடியில் வெனிலா, எசென்ஸ் அல்ல, மரத்திலிருந்து வருவது. வாயில் வைத்ததும் வெண்ணெய் தடவினாற்போல நாக்கெல்லாம் பரவியது. காரம் எங்கும் குத்தவில்லை. துப்பிய பிறகு பட்டையும் கிராம்பும் மெல்ல எழுந்து, கொஞ்சம் மரக்கசப்போடு வெகுநேரம் நின்றன. கட்டுண்டு கிடப்பவன் சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தது. சுட்ட மரம் ஒரு இழை அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. அது குறை என்று சொல்ல முடியாது.

"அசல். நல்ல சரக்கு" என்றாள்.

ராஜகணேஷ் குவளையை வாங்கி, விரலை நனைத்து, வழக்கம்போல மூன்று சொட்டு தரையில் தெளித்துவிட்டு ஒரே மடக்காகக் குடித்தான். முகம் சுளித்தது.

"இதுவா நல்ல சரக்கு? இருமல் டானிக்காட்டம் இனிக்குது. மொதப் பாட்டில்லயாவது ஒரு எரிச்சல் இருந்திச்சு." அவளை உற்றுப் பார்த்தான். "நீயும் கடலூரு. அவனும் கடலூரு. ரெண்டு பேரும் ஒரே கோயிலு. என்னை இன்னா கேனப்பயன்னு நெனச்சியா?"

மரியாதை போய்விட்டதை அவள் கவனித்தாள். "கைய நீட்டுங்க. ரெண்டு கையும்."

இடது கையில் முதல் பாட்டில், வலது கையில் இரண்டாவது. "தேய்ங்க." அவன் தேய்த்தான். இடது கை ஒட்டியது. வலது கை உலர்ந்து, அறுத்த பலகையின் மணத்தோடு நின்றது. திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தான்.

"சரி, அப்ப ஒண்ணு நல்லது, ஒண்ணு போலின்னு கொண்டாந்திருக்கான் மாமா. கப்பல்லயே வேலைய முடிச்சிருக்கான் தேவடியா பையன்." சாய்நாத் லூர்துவின் முடியைப் பிடித்துத் தலையைத் தராசுத் தட்டில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் தட்டில் ஓடியது.

ஜோதி மேரி முதல் பாட்டிலின் கழுத்தைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். உரிந்து வரவில்லை, பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாதாரண மெழுகுவத்தி. விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. பொடியை மீன் தட்டின் வெள்ளை ஓரத்தில் வைத்து, சில சொட்டு சரக்கு விட்டு நசுக்கினாள். சிவப்பு கரைந்து பரவியது. மீன் பக்கத்திலிருந்த எலுமிச்சையை எடுத்து அதன்மேல் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளாக மாறியது.

"மெழுகுல குங்குமத்தப் போட்டு உருக்கி சீல் வெச்சிருக்காங்க. கடையில விக்கற குங்குமம் வெறும் சாயம், எலுமிச்சைக்கு மாறாது. மஞ்சளும் வெங்காரமும் போட்டு வூட்ல செய்யறதுதான் இப்பிடி மாறும். இது கப்பல்ல நடந்தது இல்ல. இவங்க வூட்லயும் குங்குமம் கெடையாது."

ராஜகணேஷின் தாய் லலிதாம்பாள் தை மாதத்தில் வீட்டிலேயே குங்குமம் செய்து சிவகாமி அம்மன் சந்நிதிக்குக் கொடுப்பவள். ராஜகணேஷ் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்து, அதைத் தட்டின் மறு ஓரத்தில் இழுத்தான். எலுமிச்சையைப் பிழிந்தான். அதுவும் மஞ்சளானது.

பாட்டில்கள் வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டியவன் சாய்நாத். சாவியும் அவனிடம்தான் இருந்தது.

"மாமா, ஃபிரண்ட்ஸ் வந்திருந்தாங்க... ஒரு ரவுண்டு டேஸ்ட்டுதான்... குடிக்கறவனுக்கு வித்தியாசம் தெரியவா போவுதுன்னு..."

ராஜகணேஷ் அறைந்ததில் அவன் நெல் மூட்டைகள்மேல் விழுந்தான். எழுந்தவனை மறுபடி அறைந்தான். மூக்கு உடைந்தது. பிறகு நிறுத்திக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஆண்டி, கடலூரான அவுத்து வுடு. மாப்ள கைய அங்க கட்டு."

"அக்காகிட்ட இன்னா சொல்வீங்க மாமா?" சாய்நாத் அழுதபடியே சிரிக்கப் பார்த்தான்.

"அதான் நானும் யோசிக்கறேன். நான் போட்டா வித்யா எனக்குச் சோறு போட மாட்டா. உங்கம்மா காறித் துப்பும்." ராஜகணேஷ் ஜாக்கி ராடை எடுத்து லூர்துவிடம் நீட்டினான். "ஊரறிய ஒரு கை போவும்னு சொல்லிட்டேன். நீ வாங்கின அடிக்கு நீயே போடு. ஒரே போடு. கணக்கு தீந்துச்சு."

"வேணாம் லூர்து. கீழ போடு. உங்கம்மா கோயில் வாசல்ல நிக்குது, வா போலாம்" என்றாள் ஜோதி மேரி.

லூர்து ராடை வாங்கிக்கொண்டு நின்றான். மூன்று நாளில் அப்போதுதான் எழுந்து நிற்கிறான். தராசில் கட்டுப்பட்டிருந்த சாய்நாத் அவனை அண்ணாந்து பார்த்தான்.

"எச்சக் கிளாஸ் கழுவற நாயி. தொட்டுப் பாருடா. வெளிய வந்தா உங்கம்மாவ மீன் கூடையோட கொளுத்தறேன்."

முதல் அடி கையில் விழவில்லை. தலையில் விழுந்தது. அந்த வேகத்தில் தராசின் எடைக்கம்பி மேலே போய் இடித்தது. ஆண்டி ஓடிவருவதற்குள் மேலும் இரண்டு அடிகள் விழுந்துவிட்டன. ஆண்டி பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது லூர்து திமிறவில்லை. ஜோதி மேரி தன் துப்பட்டாவைச் சுருட்டிச் சாய்நாத்தின் தலையில் அழுத்தினாள். அது உடனே நனைந்துவிட்டது. ராஜகணேஷ் கையில் வண்டிச் சாவியோடு, எதுவும் செய்யாமல், நின்ற இடத்திலேயே நின்றான்.

சாய்நாத் செவ்வாய்க்கிழமை புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இறந்தான். சம்பவ நேரத்தில் தான் நெய்வேலியில் இருந்ததாக ராஜகணேஷ் வாக்குமூலம் கொடுத்தான். ஆண்டியும் அதையே சொன்னான். ஜோதி மேரி நடந்ததை நடந்தபடி சொன்னாள். வழக்கில் அவள் இரண்டாம் சாட்சி. மார்ச் மாதம் மது ஆலை அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. மின்கம்பம் நடும் வேலை ராஜகணேஷுக்குக் கிடைத்தது.

லூர்து பிரகாஷ் கொலைக் குற்றச்சாட்டில் கடலூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டான். உள்ளே எடுத்துக்கொள்ளும்போது மருத்துவர் அவன் காயங்களைக் குறித்தார். இடது கண், புருவம், தோள், விலா எலும்புகள், முன்பல். வலது கையில் காயம் எதுவும் இல்லை.