அடைப்புக்குள் இரண்டு

அண்ணி ஒரே ஒரு மார்க்கில் தவறிவிட்டாள். முப்பத்தைந்து வேண்டும், வந்தது முப்பத்து நான்கு. ஆய்வக உதவியாளர் வேலைக்கான தேர்வு. அடுத்த தடவைக்குள் வயது தாண்டிவிடும். பத்து வருடமாகத் துணிக்கிடங்கில் நின்றபடியே மூட்டை கட்டி, கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது அவளுக்கு.

"அந்த அடுக்குக் கணக்குதான் என்னைக் கவுத்துருச்சு," என்றாள், தட்டைத் தேய்த்துக்கொண்டே. "அடைப்புக்குள்ள ரெண்டு எக்ஸ் அடுக்கு மூணு. மொத்தத்துக்கும் வெளிய அடுக்கு நாலு. நான் பதினாறு எக்ஸ் அடுக்கு பன்னெண்டுன்னு எழுதினேன். எட்டாம்ல? விடைக்குறிப்பை போர்டுல ஒட்டியிருக்காங்க."

அந்த விடைக்குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ரகசியம் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதினெட்டு வருடக் கணக்கு டீச்சர் என்று மார்தட்டிய மகராசி! மூன்றையும் நான்கையும் பெருக்கிப் பன்னிரண்டு போட்டவள், அதே வேகத்தில் இரண்டையும் நான்கால் பெருக்கி எட்டு என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். இரண்டை நான்கு முறை போட்டல்லவா பெருக்க வேண்டும்? இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் சறுக்கிய யானை அண்ணி மேல் அல்லவா விழுந்திருக்கிறது.

மறுமதிப்பீடு கேட்டாலும் என் குறிப்பை வைத்துத்தான் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் தொள்ளாயிரம் தாள்களையும் மறுபடி பிரிக்க வேண்டும். அடுத்த மாதம் வரவிருக்கும் தலைமையாசிரியர் பதவி எனக்குக் கிடைக்காது. பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

"நீயே சொல்லு, எட்டுதானே? ஆமான்னா, நம்ம மண்டைக்கு இவ்வளவுதான்னு விட்டுட்டு நாளைக்கே கிடங்குக்குப் போயிடறேன்."

"பதினாறுதான் அண்ணி. நீங்க எழுதினதுதான் சரி."

"அப்ப எட்டுன்னு போட்டது எந்த முட்டாள்?"

"நான்தான்."

அண்ணி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு என் முகத்தையே பார்த்தாள்.

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு பதினாறுன்னு எழுதினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தேர்வு அதிகாரியின் எண்ணைத் தேடி போனை எடுத்தேன். அவர் எடுக்கும்வரை அண்ணி என் பக்கத்திலேயே நின்றாள்.