மேடைக்குப் போன செங்கல்

பக்தவத்சலத்துக்குப் பதவி என்றால் உயிர். அந்தமானில், மாயாபந்தரிலிருந்து படகில் அரைமணி தூரத்தில் இருந்த அந்தக் குடியேற்றத்தில், அறுபதுகளின் நடுவில் பஜார் கமிட்டி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். கட்டட வேலைகளையும் குப்பை அள்ளுவதையும் மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மனுஷன் அன்றிலிருந்து வெள்ளைச் சட்டையைத் தவிர வேறொன்று போட்டதில்லை.

மீன் கழிவு, இறைச்சிக் கழிவு, அழுகிய காய்கறி எல்லாவற்றையும் போட்டு மக்க வைக்க ஓர் உரக்குழி கட்டுவதென்று கமிட்டி முடிவு செய்தது. அங்கே பெய்யும் மழைக்கு வெறும் மண்குழி தாங்காது. செங்கல் வேண்டும். அதுவும் கப்பலில் வந்து இறங்கியது. அந்தச் சமயம் பார்த்துத்தானா போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரி வர வேண்டும்! அவர் நின்று பேச ஒரு மேடை வேண்டாமா? குழிக்கு வந்த செங்கல் மேடைக்குப் போய்விட்டது.

"குழி எங்க ஓடிடப் போவுது? அடுத்த கப்பல்ல கல்லு வரும். அதுவரைக்கும் குப்பையை நாலாவுல கொட்டுங்க" என்றார் பக்தவத்சலம். நாலா என்பது பஜாருக்குப் பின்னால், கடல்நீர் ஏறி இறங்கும் ஓடை.

அதிகாரி வந்தார், மேடையேறினார், "பக்கா வேலை" என்று பக்தவத்சலத்தின் தோளில் தட்டினார், போய்விட்டார். தட்டு வாங்கியவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. சாயங்காலமானால் மேடையைச் சுற்றி ஒரு நடை போவார். ஆடு ஏறிப் படுத்தால் விரட்டுவார்.

அடுத்த கப்பலில் செங்கல் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஓடையில் மீன் தலையும் குடலும் மிதந்துகொண்டிருந்தன.

மளிகையும் கருவாடும் விற்கிற நாகூர் கனி ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு அவரைத் தேடி வந்தார். இருவரும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய பழக்கம்.

"அண்ணே, நாலாவுல முதலை நடமாட்டம் இருக்கு. சேத்துல தடம் பார்த்தேன். கழிவு வாசத்துக்குத்தான் வருது. எங்க வூட்ல கருவாட்டுக் கூடை கழுவ அங்கதான் போவுது."

"கொஞ்சம் தள்ளிப் போய்க் கழுவச் சொல்லுங்க பாய்."

"எங்க போனாலும் அதே தண்ணிதானே? அந்த மேடை இப்ப சும்மாதான் கிடக்கு. இடிச்சா குழிக்குக் கல்லு ஆச்சு. நானே ஆள் கூட்டியாரேன்."

பக்தவத்சலம் சிரித்துவிட்டார். "சாப் ஏறின மேடையை இடிக்கிறதா? நல்லா இருக்கே பாய்."

கனி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம், சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம் என்று பக்தவத்சலம் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. பழியில் பாதியை அடுத்தவர் தலையில் கட்டுகிற புத்திதான் அது. அவருக்கே தெரியும்.

கொஞ்ச நாளில் அது நடந்துவிட்டது. ஓடையில் கூடையை முக்கியபோது கனியின் மனைவி சைனம்புவின் வலது கையை முதலை கவ்விவிட்டது. படகுக்காரர்கள் துடுப்பால் அடித்து அவளை மீட்டார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

சேதி கேட்ட பக்தவத்சலம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போனார். சட்டையெல்லாம் செம்மண் நிறமாகும்வரை இடித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்தக் கல்லை வைத்தே குழியைக் கட்டி முடித்தார்கள். ஓடையில் கொட்டுவது நின்றது.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குக் கால் வந்தது. கனி எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பக்தவத்சலத்துக்கு.

"உரக்குழி கட்டியாச்சும்மா. இனிமே நாலாவுல ஒண்ணும் கொட்ட மாட்டாங்க."

சைனம்புவின் முகம் தெளிந்தது. "நல்லதுண்ணே. கல்லு கப்பல்ல வந்துருச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. மேடையை இடிச்சு எடுத்தேன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட வலது தோளை அசைத்தாள். பிறகு நினைவு வந்து இடது கையால் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ கல்லு நம்ம ஊர்லயேதான் இருந்துச்சாண்ணே?" என்றாள்.

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.