செப்புத் தகட்டில் நான்கு எழுத்து

கொக்குவில் தம்பிராசா வாத்தியாரைத் தெருவில் கண்டால் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் மட்டுமல்ல, அவர்களுடைய தகப்பன்மாரும் சால்வையைச் சரிசெய்துகொள்வார்கள். கணக்கு வாத்தியார். பகிடி பிடிக்காது. வகுப்பில் எவனாவது பம்பரமோ நூற்கட்டை வண்டியோ கொண்டுவந்தால் பறித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "விளையாட்டுப் புத்தி உள்ளவனுக்குப் படிப்பேது?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுசன் பின்னேரங்களில் வீட்டுக்கு வந்து, அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல், கையளவு மோட்டார்க் கார்கள் செய்துகொண்டிருந்தார். அது அவருடைய மனைவி சிவக்கொழுந்துவுக்கு மட்டுமே தெரியும்.

தொடக்கிவைத்தவன் கோலாலம்பூரில் வேலை பார்த்த மச்சான். சிவக்கொழுந்து ஒருமுறை முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போகும் மருமகனுக்கென்று சீமையில் செய்த பெட்டியொன்றை அனுப்பியிருந்தான். தகரத்தில் வெட்டிய கார் உடல், சில்லுக்கு மேல் வளைந்து நிற்கும் மட்காட்டுகள், றப்பர்ச் சில்லுகள், எள்ளளவு திருகாணிகள், எதை எங்கே பூட்டுவதென்று காட்டும் படம் எல்லாம் அதற்குள் இருந்தன. பெட்டி வந்து சேர்ந்தது. பிள்ளை வந்து சேரவில்லை. இரண்டு பேரும் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் நெடுநாள் இருந்தார்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் தம்பிராசா அதைக் கீழே இறக்கிப் பூட்டிப் பார்த்தார்.

பூட்டி முடிந்ததும் அவருக்கு அது பிடிக்கவில்லை. அப்படியொரு கார் காங்கேசன்துறை வீதியில் ஓடுவதேயில்லை. பூச்சைச் சுரண்டினார், கூரையை அரிந்து எறிந்தார், பழைய குடைத்துணியில் மடக்குக் கூரை தைத்தார், ஊர் டாக்குத்தருடைய காரின் கதவில் மாடு முட்டிய நெளிவைக்கூடச் சின்னச் சுத்தியலால் தட்டி உண்டாக்கினார். டாக்குத்தரின் கார் மேசையில் நின்றது! அன்று அவர் சாப்பிடவும் மறந்துபோனார். அதற்குப் பிறகு மச்சானுக்கு எழுதி எழுதிப் பெட்டிகள் எடுப்பித்தார். கோட்டில் வழக்குப் பேசும் புரொக்டரின் கார், சந்தியில் நிற்கும் வாடகைக் கார் என்று ஊரிலுள்ள கார்கள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்து நின்றன.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பிள்ளையில்லாத வீட்டில் விளையாட்டுக் கார் என்றால் ஊர் சிரிக்கும், சிரித்து முடிந்தபின் சிவக்கொழுந்துவைப் பார்த்துப் பாவம் என்று சொல்லும். அந்தப் "பாவம்" என்ற சொல்லைத்தான் தம்மால் தாங்கமுடியாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். நமக்குள்ளே சொன்னாலென்ன, அவரால் தாங்கமுடியாதது சிரிப்பைத்தான்.

இப்படியிருக்கையில் மலாயா றெயில்வேயில் பென்சன் எடுத்துக்கொண்டு ஏரம்பர் ஊருக்கு வந்து, பச்சை நிறத்தில் புதுக் கார் ஒன்று வாங்கினார். வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயில், கலியாணம், செத்தவீடு என்று எங்கே அந்தக் கார் நின்றாலும் அருகில் போய் நிற்பார். யாரும் பாராத நேரத்தில் சாண் வைத்து அளப்பார். ஒரு செத்தவீட்டில் எல்லாரும் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தபோது, சீற்றின் அடியோரத்திலிருந்து ஒருவிரல் அகலத் தோலைப் பிளேட்டால் சீவி எடுத்துக்கொண்டார். அது களவுதான். வீட்டுக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஆனால் அந்தத் தோலைச் சின்னச் சீற்றில் ஒட்டியபோது பயமெல்லாம் போய்விட்டது.

இந்தக் காருக்கு அவர் மிகவும் மினைக்கெட்டார். பெட்டியோடு வந்த அச்சுகள் மொத்தமென்று தையல் ஊசிகளை அச்சாகப் போட்டார். பின்பக்கச் சிவப்பு விளக்குக்குக் குன்றிமணி. முன்முகத்து றேடியேற்றருக்கு உடைந்த செப்புக் குடமொன்றிலிருந்து தகடு வெட்டி, குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகளைக் கீறினார். பூட்டும்போது தலைகீழாய்ப் போகாமலிருக்க, தகட்டின் பின்புறத்தில் மேலே மே, கீழே கீ, இடப்பக்கம் இ, வலப்பக்கம் வ என்று ஊசிமுனையால் எழுதிக்கொண்டார். நம்பரும் எழுதியாயிற்று. மட்காட்டின் வளைவு சரியோ என்பதுதான் மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏரம்பர் வீட்டார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வேலியில் ஆள் புகுமளவு இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து கார்க்கொட்டிலுக்குள் போனார். பெரிய காருக்குப் பக்கத்தில் சின்னக் காரைப் பிடித்துப் பார்த்தார். வளைவு அச்சொட்டாக இருந்தது. அந்த நேரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றில் துலா கிறீச்சிட்டது. பக்கத்து வளவில் இருக்கும், ஏரம்பரின் செத்துப்போன தம்பியின் மனைவி இரத்தினம்மா தண்ணீர் அள்ள வந்திருந்தாள். பயத்தில் வாத்தியார் கையிலிருந்ததைச் சீற்றுக்கடியில் செருகிவிட்டு, வந்த பொட்டாலேயே பாய்ந்தார். பிறகு வந்து எடுக்கலாம் என்று நினைத்தார்.

எடுக்கக் கிடைக்கவில்லை. மறுநாள் விடிய மருதனார்மடச் சந்தைக்கென்று புறப்பட்ட ஏரம்பர், பிறேக் பிடிக்காமல் மதகொன்றோடு மோதிக் காலை முறித்துக்கொண்டார். காரை இழுத்துவந்து சீற்றைக் கழற்றியபோது அதே நிறம், அதே நம்பர், அதே காராய்ச் சின்னதொன்று உள்ளே இருந்தது. மதகில் பட்ட இடியில் அதற்கும் முன்பக்கம் நெளிந்திருந்தது. பெண்கள் குழறி அழத் தொடங்கினார்கள்.

அடுத்த ஊரிலிருந்து மந்திரவாதி வந்தார். சின்னக் காரைத் தொடாமல் ஈர்க்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"காரின்ரை தோல், காரின்ரை நம்பர், ஊசி, குன்றிமணி. ஒண்டும் மிச்சமில்லை. உள்ளுக்கை இயந்திரமும் வைச்சிருக்கு" என்றார்.

மோட்டார் என்றால் இயந்திரம் இருக்கத்தானே வேண்டும் என்ற பேச்சு, கூட்டத்தில் நின்ற தம்பிராசாவின் தொண்டைவரை வந்தது. ஆனால் மந்திரவாதி சொன்ன இயந்திரம் வேறு. கோடு கீறி, எழுத்தெழுதி, ஆகாதவன் வளவுக்குள் புதைக்கிற இயந்திரம். அந்தச் செப்புத் தகட்டைக் கழற்றி எடுத்தவர்கள், படித்த மனுசன் என்று நேரே வாத்தியாரின் கையில்தான் கொடுத்தார்கள்.

கட்டிலில் கிடந்த ஏரம்பர், "வாத்தியார், உதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசியும்" என்றார்.

மே. கீ. இ. வ. அவருடைய சொந்தக் கையெழுத்து. வேலிக்கு அப்பால் இரத்தினம்மா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ சொல்லிவிடலாம், மேல், கீழ், இடம், வலம், நாலு சொல். தம்பிராசா தகட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். சுற்றிநின்ற முகங்களில் அரைவாசி அவரிடம் படித்த முகங்கள்.

"எழுத்து விளங்குது, கருத்து விளங்கேல்லை" என்றார்.

வாத்தியாருக்கே விளங்காவிட்டால் மலையாள மாந்திரீகமாகத்தான் இருக்கும் என்று கூட்டம் முடிவுகட்டியது. மந்திரவாதி தகட்டை வாங்கிக் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து வாசித்தார்.

"இ, வ. இவ! செய்விச்சது ஆரெண்டு தகடே சொல்லுதல்லோ. இவதான்."

எல்லாத் தலையும் வேலிப்பக்கம் திரும்பியது. இரத்தினம்மாவுக்கும் ஏரம்பருக்கும் எல்லை வேலியில் நெடுநாள் வழக்கு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் பங்குக் கிணற்றில் அள்ளாதபடி அன்றைக்கே துலாக்கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தாள், வழியில் கண்டவர்கள் மறுகரைக்கு மாறினார்கள். மகளுக்குக் கரவெட்டியில் பேசி முடித்திருந்த சம்பந்தம், "சூனியக்காரி வீட்டிலை எங்களுக்கு வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு அறுந்துபோனது.

தம்பிராசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கணக்கெழுதும்போது தம் கையெழுத்தையே பார்க்கக் கூசியது.

சிவக்கொழுந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"சொன்னால் சனம் உம்மைப் பாத்தெல்லோ பாவமெண்டு சொல்லும்?"

"பிள்ளையில்லாதவள் எண்ட பேரை நான் எவ்வளவு காலமாய்ச் சுமக்கிறன். அதுக்கு ஆரையும் கூப்பிட்டு ஒரு கை பிடியுங்கோ எண்டு கேட்டனானோ? உங்கடை வெக்கத்துக்கு என்னைச் சாட்டாதையுங்கோ."

அவர் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

வைரவர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று, பொல்லூன்றி நடக்கத் தொடங்கிய ஏரம்பர் கேட்டதும், இரத்தினம்மா மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். சத்தியம் செய்யும் நாள் காலை தம்பிராசா தம்மிடமிருந்த கார்களையெல்லாம் ஒரு பனையோலைக் கடகத்தில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடிக்கொண்டு போனார். போனாரே தவிர, முன்னுக்குப் போகவில்லை. சத்தியம் செய்தால் சனம் நம்பிவிடும், பிறகு நான் ஏன் வாய்திறக்க வேண்டும் என்று அவருடைய மனம் கடைசி நேரத்திலும் கணக்குப் பார்த்தது. கணக்கு வாத்தியாரல்லவா!

கற்பூரம் எரிந்தது. "நான் செய்யேல்லை, செய்விக்கவுமில்லை" என்று சொல்லி இரத்தினம்மா உள்ளங்கையால் நெருப்பை அடித்தாள். நல்ல தடித்த கட்டி, ஒரே அடியில் அணையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே அமத்திப் பிடித்தாள். அணைந்தபோது உள்ளங்கை கறுத்துக் கொப்புளித்திருந்தது.

மந்திரவாதி எட்டிப் பார்த்தார். "உண்மை சொன்ன கை சுடாது. பொய்ச் சத்தியம்."

கூட்டம் ஓம் ஓம் என்று முணுமுணுத்தது. இரத்தினம்மாவின் மகள் தாயின் சேலையில் முகத்தைப் புதைத்தாள். அப்போதுதான் தம்பிராசாவின் கால் நகர்ந்தது.

"அது நான் செய்தது" என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடகத்தை இறக்கி, துணியை எடுத்து, கார்களை ஒவ்வொன்றாக மணலில் வைத்தார். "சூனியமில்லை. விளையாட்டு. நான் வீட்டிலை உதுகளை வைச்சு விளையாடுறனான். மே எண்டால் மேல், கீ எண்டால் கீழ். இ இடம், வ வலம். தகடு தலைகீழாய்ப் போகாமல் எழுதினது. இரத்தினம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

காது இரண்டும் கொதித்தன. கண்ணை மூடிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்துநின்றார். சிரிப்பு வரத்தான் செய்தது.

"டேய், உது டாக்குத்தற்றை காரெல்லோ! கதவு நெளிவைப் பாருங்கோடா!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு குனிந்தார்கள். புரொக்டரின் கார் கைமாறிக் கைமாறிப் போனது. மந்திரவாதி பையைத் தூக்கிக்கொண்டு எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை. பொல்லூன்றி வந்த ஏரம்பர், சாட்சியாகக் கொண்டுவந்து வைத்திருந்த, இதுவரை தொட அஞ்சிய சின்னப் பச்சைக் காரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என்ரை மட்காட்டை அப்பிடியே வளைச்சு வைச்சிருக்கிறீர்! எப்பிடி வளைச்சனீர், வாத்தியார்?"

"உலக்கைப் பூணிலை வைச்சுத் தட்டினனான்" என்று தம்பிராசாவின் வாய் தானாகவே சொன்னது. "கொஞ்சங் கொஞ்சமாய்த் தட்டவேணும். அவசரப்பட்டால் தகரம் கிழிஞ்சுபோம். பிறகு உள்பக்கத்தாலை அரத்தைப் போட்டு…" இத்தனை வருசமாக ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. விரலால் காற்றில் வளைவைக் கீறிக் காட்டினார். நெஞ்சு நிறைந்து சந்தோசமாக இருந்தது.

"வாத்தியார்."

திரும்பினார். இரத்தினம்மா சுட்ட கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் அங்கே நிற்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"அண்டைக்குத் தகட்டை உங்கடை கையிலைதானே தந்தவை. உங்கடை எழுத்தெண்டு அப்ப தெரியேல்லையோ?"

"தெரியும்."

"நான் வேலிக்கு அங்காலை நிண்டனான். கண்டனீங்களோ?"

"ஓம்."

அவள் திட்டவில்லை, விடை பார்த்தாயிற்று என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு வழிவிட்டவர்கள்கூடக் கண்ணைக் கார்களிலிருந்து எடுக்காமலே விலகினார்கள்.

தம்பிராசாவுக்கு மணலுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. அவள் சிரித்திருந்தால், காறித் துப்பியிருந்தால், அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

"வாத்தியார், உதின்ரை கதவு திறக்குமோ?" என்று ஏரம்பர் சின்னக் காரை நீட்டிக் கேட்டார்.

திறக்கும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.