தட்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

கலெக்டர் கச்சேரியில் ஹுஜூர் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபகேசய்யர், தியாகராய நகரில் ஒரு வீடு கட்டி அதற்கு 'விண்ட்ஸர் விலாஸ்' என்று பெயர் வைத்தார். ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் அது. மழைக்காலத்தில் ஏரிக்குப் பழைய நினைப்பு வந்துவிடும். தவளைகள் விண்ட்ஸர் விலாஸின் படியேறி வந்து, வீட்டைப் பார்வையிட வந்த துரைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். இருட்டினால் நரி ஊளையிடும். அய்யர் இதையெல்லாம் மொத்தமாக 'நல்ல காற்றோட்டம்' என்பார்.

அவர் மனைவி கோமளத்துக்கு அந்த வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. அய்யருக்கு அவள் 'இந்தாடி'. சமையற்காரருக்கு 'அம்மா'. தோட்டக்காரன் அம்மாசிக்கு 'அம்மாவ்'. பெற்றவர்கள் போன பிறகு, இந்தப் பட்டணத்தில் அவளைக் கோமளம் என்று கூப்பிட்டவள் ஹாஜிரா பீ ஒருத்திதான். ஹாஜிரா பீ இருந்ததோ மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டில், அவள் புருஷனுடைய குடை ரிப்பேர்க் கடைக்குப் பின்கட்டில்.

இருவருக்கும் பழக்கம் உண்டான இடம் ஐக்கியப் பண்டகசாலை என்ற கூட்டுறவுக் கடையின் மயிலாப்பூர்க் கிளை. அந்தக் கடைக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. பங்குப் பணம் கட்டிய ஆயிரக்கணக்கான பேரும் முதலாளிகள்தான். ஆகையால் எல்லாரும் குமாஸ்தாவை அதட்டுவார்கள். குமாஸ்தா ஒருத்தருக்கும் பயப்படமாட்டார். கடன் கிடையாது, கல் கலந்த அரிசி கிடையாது, ஜட்ஜு வீட்டுக்கு ஒரு நிறை, ஜட்கா வண்டிக்காரன் வீட்டுக்கு ஒரு நிறை என்பதும் கிடையாது. வருஷக் கடைசியில் மிஞ்சுகிற லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்தக் கணக்கில் அவர்களுக்கே திரும்பி வந்துவிடும்.

பெண்களுக்கென்று மூங்கில் தட்டி மறைப்புக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. மாதப் பிறப்பில் கூட்டம் நெரியும். உள்ளே வந்ததும் குமாஸ்தா ஒரு பித்தளை வில்லையைக் கொடுப்பார். வில்லையின் நம்பரைக் கூப்பிடும்போது எழுந்து போக வேண்டும். கோமளமும் ஹாஜிரா பீயும் தங்கள் முறை நெருங்கும்போதெல்லாம், பின்னால் வந்து அவசரப்படுகிறவர்களுக்கு வில்லையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவர்களைப் போலத் தர்மிஷ்டர்கள் கிடையாது என்று மயிலாப்பூரில் ஒரு பேர் இருந்தது. பேச்சு முடியாததுதான் அந்தத் தர்மத்துக்குக் காரணம் என்று ஒருவருக்கும் தெரியாது.

கோமளம் ஹாஜிரா பீயின் வீட்டுக்குப் போயிருந்தால் மாடவீதி நாலும் பேசியிருக்கும். ஹாஜிரா பீ கோமளத்தின் வீட்டுக்கு வந்திருந்தால் சமையற்காரரே ராஜிநாமா செய்திருப்பார். பெஞ்சு மட்டும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. தியாகராய நகருக்குக் குடிபோன பிறகும், மாதம் ஒரு முறை பஸ் ஏறி மயிலாப்பூருக்குச் சாமான் வாங்கப் போவதை மட்டும் கோமளம் விடவில்லை. மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு நாளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த நிலைமையில்தான் அய்யருக்கு ஐக்கிய இயக்கத்தின் மேல் பக்தி பிறந்தது.

'ராவ் சாஹிப்' பட்டத்துக்காக அவர் பல வருஷங்கள் பட்டங்கள் அறிவிக்கும் நாளான சக்கரவர்த்தியின் பிறந்தநாளைச் சக்கரவர்த்தியைவிட ஆவலாக எதிர்பார்த்தவர். பட்டம் வரவில்லை. 'ஏழைகள் கடை' என்று அதுவரை அவர் சொல்லிவந்த பண்டகசாலைக்குத் தியாகராய நகரில் ஒரு கிளை வரலாம் என்றும், கிளைக்கு ஒரு தலைவர் உண்டென்றும், தலைவரின் படம் சுவரில் மாட்டப்படும் என்றும் கேள்விப்பட்ட அன்றே அவருக்கு ஏழைகளிடம் அன்பு வந்துவிட்டது. ஆனால் நூறு அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு நேரில் வந்து, 'இதுதான் எங்கள் கிளை' என்று அவரவர் வாயால் சொன்னால்தான் கிளை திறப்பார்கள். ஓர் அங்கத்தினருக்கு ஒரு கிளைதான் என்பது சங்கத்தின் விதி.

"ஏன்னா, நான் மயிலாப்பூர்லயே வாங்கிக்கறேனே," என்றாள் கோமளம்.

"அசடே, வாசல்ல கடை வரப்போறது. பஸ்ல இடிபட்டுண்டு போவாளா யாராவது?"

 அவள் காரணத்தைச் சொன்னாலும் அது அவர் காதில் காரணமாக விழாது.

அந்த மாதம் பெஞ்சில் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். ஹாஜிரா பீ முகத்துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"உங்க ஐயா பிரசிடெண்ட் ஆவறதுக்கு நான் இன்னா பாவம் பண்ணேன், கோமளம்மா?"

"நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ."

"ஒண்ணியும் பண்ணாதீங்க. அங்க நல்ல பருப்பு வந்தா சொல்லி அனுப்புங்க, போதும்." முகத்துணியை மறுபடி இறக்கிக்கொண்டு, "யாருகிட்ட சொல்லி அனுப்புவீங்க?" என்று தானே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் வில்லையை நாலு பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று.

அய்யர் தெருத்தெருவாக அலைந்து ஆள் சேர்த்தார். அப்படியும் நூறு தேறவில்லை. கடைசியில் தம் பணத்திலேயே பங்கு வாங்கிச் சமையற்காரரைச் சேர்த்தார், அம்மாசியைச் சேர்த்தார். இன்னும் ஒன்று குறைந்தது. மயிலாப்பூர்க் கிளையில் அங்கத்தினராக இருந்த மனைவியைச் சேர்த்தார். நூறு.

கூட்டம் விண்ட்ஸர் விலாஸின் கூடத்தில் நடந்தது. பத்திரிகை நிருபர் ஒருவருக்குக் காப்பி கொடுத்து முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஜரிகைத் தலைப்பாகையோடு அய்யர் முழங்கினார்:

"மகாஜனங்களே, நமது சங்கத்தில் ஜமீன்தாருக்கும் ஒரு ஓட்டு, ஜட்கா ஓட்டுகிறவனுக்கும் ஒரு ஓட்டு! ஸ்திரீகளும் சுதந்திர அங்கத்தினர்களே! மனைவிக்காகக் கணவன் வாய் திறக்க இங்கே அதிகாரமில்லை!"

கை தட்டினார்கள். நிருபர் எழுதிக்கொண்டார்.

சங்கத்தின் காரியதரிசி நாகராஜ ராவ் ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தார். தியாகராய நகர், தியாகராய நகர் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. அய்யர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"கோமளம் அம்மாள்."

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கோமளத்துக்குத் திக்கென்றது. இந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் பெயர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தியாகராய நகர்னு எழுதும்," என்றார் அய்யர்.

"அவா வாயால வரணும், ஸார். தாங்களே இப்போதானே சொன்னேள்," என்றார் நாகராஜ ராவ், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

கூடம் காத்திருந்தது. அய்யர் கதவைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். கோமளத்தின் கண்ணில் தலைப்பாகையும் படவில்லை, மீசையும் படவில்லை. தட்டியின் ஓட்டை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழும் ஒரு பெஞ்சு தெரிந்தது.

"மயிலாப்பூர்," என்றாள்.

யாரோ இருமினார்கள். நாகராஜ ராவ் எழுதி, மை உலர ஊதினார். "ஒண்ணு குறையறது, ஸார். கிளை இல்லை."

அய்யரின் தலைப்பாகை மெல்ல நாலு பக்கமும் திரும்பிற்று. வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அங்கத்தினர்கள். தோட்டத்தில் அம்மாசியின் பெண்சாதி தேவானை சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வேலைக்கு வருகிறவள்.

"தேவானை! இங்கே வாம்மா," என்றார் அய்யர். அந்த 'அம்மா'வைக் கேட்டு அம்மாசியே பயந்துபோனான்.

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: "சேந்தா எனுக்கு இன்னா சாமி கெடைக்கும்?"

"நீயும் ஒரு முதலாளி ஆவாய்," என்றார் அய்யர்.

"ஐயாவுக்கு எத்தினி ஓட்டு?"

"ஒண்ணுதான்," என்றார் நாகராஜ ராவ்.

"எனுக்கு?"

"ஒண்ணு."

தேவானை யோசித்தாள். "அப்போ ஒக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லு, நைனா."

கூடத்தில் காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. பேசுவதற்காக அய்யர் எழுந்துவிட்டிருந்த நாற்காலி அது. தேவானை அதில் உட்கார்ந்து, தியாகராய நகர் என்றாள். மீதிக் கூட்டத்தை அய்யர் நின்றுகொண்டே நடத்தினார். கிளை வந்துவிட்டது.

 மறுநாள் காலையில் அய்யர் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தீர்ப்பு சொல்வதாக இருந்தார். அதற்குள் பத்திரிகை வந்தது. 'ஸ்திரீ சுதந்திரத்துக்காக முழங்கிய ராவ் சாஹிப் பஞ்சாபகேசய்யர்' என்று போட்டிருந்தது. நிருபர் தெரியாமல் கொடுத்த பட்டத்தை அய்யர் திருத்தச் சொல்லவில்லை. பத்திரிகையைக் கண்ணாடி போட்டு மாட்டினார். கண்ணாடிக்குள் அப்படி ஒரு பேச்சை வைத்துக்கொண்டு மனைவியை மயிலாப்பூர் போகாதே என்று எப்படிச் சொல்வது?

புதுக் கிளை திறந்தபின் மாதம் பிறந்ததும் கோமளம் பஸ் ஏறினாள். அவள் பங்குக்கு வாங்க வேண்டியது அதிகமில்லை. வீட்டுச் சாமானெல்லாம் புதுக் கிளையிலிருந்து வந்துவிட்டது. ஒரு பொட்டலம் தேயிலை வாங்குவதாகத் தீர்மானித்திருந்தாள். அவள் வீட்டில் யாரும் தேநீர் குடிப்பதில்லை.

மயிலாப்பூர்க் கிளையில் தட்டி இருந்தது. பெஞ்சு இருந்தது. பெஞ்சில் ஹாஜிரா பீ மட்டும் இருந்தாள்.

"கூட்டம் எங்கே?" என்றாள் கோமளம்.

"மந்தைவெளிக்கு ஒரு கிளை, உங்க ஊருக்கு ஒரு கிளை. மத்தவங்களுக்கு வீட்டுக்கே வண்டி வருது," என்றாள் ஹாஜிரா பீ. "எனுக்கும் வந்துச்சு. வாணாம்னு திருப்பிட்டேன்."

குமாஸ்தா பெருமையோடு எட்டிப் பார்த்தார். "இனிமே வில்லையே கெடையாது, அம்மா. வந்தா உடனே வாங்கிண்டு போயிடலாம். சங்கம் அவ்வளவு வளர்ந்துடுத்து. உங்களுக்கு என்ன வேணும்?"

கோமளம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். முறையை விட்டுக்கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

"தேயிலை," என்றாள். குமாஸ்தா நிறுத்தார், கட்டினார், பில் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஹாஜிரா பீ நகர்ந்து இடம் விட்டாள். "கோமளம்மா, நீங்க கடுகு மறந்துட்டீங்க."

கோமளம் அவளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"ஆமாம். கடுகும் வேணும். கொஞ்சம் போகட்டும், கேக்கலாம்."

"எனுக்கு உப்பு," என்றாள் ஹாஜிரா பீ, குமாஸ்தாவிடம். "அப்பறம் இன்னாவோ ஒண்ணு வேணும். ஞாபகம் வரல. ஒக்காந்து யோசிக்கிறேன்."

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். அவர்கள் முதலாளிகள். யோசிக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.