காபி பிடித்திருந்தது

மேற்குத் தாம்பரத்தில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் நடந்த ஜப்பானிய மொழி மாலை வகுப்பில் கஸ்தூரிரங்கன் தடுமாறியது ஒரே இடத்தில்தான். அந்த மொழியில் இன்றைக்கும் நாளைக்கும் வினை ஒன்றுதான். முடிந்துபோனதற்கு மட்டும் வால் மாறும். பேசும்போது அந்த வாலை மறந்துவிடுவான். சீன மொழியில் அந்தத் தொல்லையே இல்லை, வினை அசையவே அசையாது, நேற்று, நாளை என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார் மெட்டில்டா மிஸ். தமிழில் மூன்று காலத்துக்கும் தனித்தனி உருவம் இருக்கிறதே என்று அவன் பெருமையாகச் சொன்னபோது பக்கத்தில் இருந்த சிட்டிபாபு விடவில்லை.

“மிஸ், நாங்க வூட்ல லுங்கியோட குந்திகினே ‘தோ வந்துட்டேன்’னு சொல்லுவோம். அது எந்தக் காலம்?”

“அது சிட்டிபாபு காலம்,” என்றார் மிஸ்.

வாய்மொழித் தேர்வு வருஷத்துக்கு ஒரு முறைதான். தேறினால் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புதிதாக வந்திருந்த தொழிற்சாலையில் வேலை நிச்சயம். இருபத்தாறு வயதில், தன்னால் ஒன்றை முழுதாக முடிக்க முடியும் என்று செங்கல்பட்டில் இருக்கும் அப்பாவுக்குக் காட்ட அவனிடம் வேறு எதுவும் இல்லை.

தேர்வன்று சாயங்காலம் அவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் துளசிங்கம் மாடிப்படியேறி வந்தார்.

“தம்பி, ஒன் தங்கச்சி ஃபோன் பண்ணுச்சு. அப்பாவ ஆஸ்பத்திரில சேத்துகீதாம். சீரியஸாம். ஒடனே கெளம்பி வரச் சொல்லிச்சு.”

“வேற ஏதாவது சொன்னாளா சார்?”

“அழுதுகினே சொல்லிச்சு. நான் கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு.” அவன் தோளைத் தொட்டார். “மனச தேத்திக்கோ. சீரியஸ்னா இன்னான்னு ஒனக்குத் தெரியாதா.”

தெரியும். ஃபோனில் யாரும் சாவைச் சொல்வதில்லை. பெரியப்பாவைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்திய பிறகு, ஊர் ஊராக ஃபோன் பண்ணி ‘சீரியஸா இருக்கார்’ என்று சொன்னவனே கஸ்தூரிரங்கன்தான். எதிர்முனையில் அத்தனை பேரும் உடனே அழுதார்கள்.

கட்டிலில் உட்கார்ந்தான். வழக்கம்போல ஒவ்வொன்றாக யோசித்தான். இப்போது ரயில் பிடித்தாலும் முடிந்தது முடிந்ததுதான். தேர்வை முடித்துவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் தாமதம். அப்பாவுக்கு அது தெரியப்போவதில்லை. இப்படி யோசிக்கிறவன் என்ன மகன் என்றும் தோன்றியது. ஆனாலும் ரயிலேறாமல், வகுப்பு இருந்த மேற்குப் பக்கம் போகும் சுரங்கப்பாதையில்தான் இறங்கினான்.

ஆறரைக்கு அவன் முறை வந்தது. மெட்டில்டா மிஸ் ஜப்பானிய மொழியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?

“காபி பிடித்திருந்தது,” என்றான்.

மிஸ் நிமிர்ந்தார். அவன் திருத்திக்கொள்ளட்டும் என்று சற்றுக் காத்திருந்தார். அவன் அதையே இன்னொரு முறை சொன்னான், வாலோடு, தெளிவாக. இந்த ஒருமுறையாவது தன் நாக்கு தடுமாறவில்லை என்று உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. மிஸ் வேறெதுவும் கேட்கவில்லை. மதிப்பெண் போட்டுவிட்டு, “போங்க, சீக்கிரம் போங்க,” என்று தமிழில் சொன்னார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை காமு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“ஏன்ணா இவ்ளோ நேரம்?”

“எப்ப ஆச்சு?”

“ஏழே காலுக்கு. அதுவரைக்கும் நன்னா நினைவு இருந்தது. ‘ரங்கன் வந்துட்டானா, ரங்கன் வந்துட்டானா’ன்னு கேட்டுண்டே இருந்தார். தாம்பரம்தானே, இதோ வந்துடுவான்னு நானும் சொல்லிண்டே இருந்தேன். கொஞ்சம் காபி கேட்டார். நீ வந்து குடுக்கட்டும்னு பிளாஸ்க்ல வெச்சிருந்தேன்.”

“நீ சீரியஸ்னு சொன்னியே காமு.”

“சீரியஸாத்தானே இருந்தார்.” அவன் கேட்பது அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் அவனுக்குத் துணிவில்லை. “அண்ணா, நீ போய் மாம்பலம் சித்தப்பாவுக்குச் சொல்லு. என்னால முடியாது.”

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் எண்ணைச் சுழற்றினான். சித்தப்பா ஸ்ரீநிவாசராகவனே எடுத்தார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

“சித்தப்பா, நான் ரங்கன். அப்பா சீரியஸா இருக்கார். உடனே கெளம்பி வாங்கோ.”

அந்தப் பக்கம் மெல்லிய அழுகை. “எப்படா?”

‘காபி பிடித்திருந்தது’ என்று சொன்ன அந்த ஆறரைதான் அவன் வாய்வரை வந்தது. ஏழே கால் என்று சொன்னான்.