பந்தலைப் பிரித்த மாலை

கார்த்திகை நான்காம் நாள், வியாழக்கிழமை. மகன் வந்து முகம் பார்ப்பதற்கு முன்பே தந்தையைப் புதைத்துவிடத் துணிந்தார்கள். அதற்குத் தொலைக்காட்சியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். இது அநீதி.

சித்தப்பா மதுரைவீரன் குனிந்து உடல் கிடந்த ஐஸ் பெட்டியின் பிளக்கில் கை வைத்தபோது, மகள் அருணா அந்தக் கையைப் பிடித்தாள்.

“உடுங்க சித்தப்பா. அண்ணன் ஏர்போர்ட்ல எறங்கிட்டான். அத்திப்பள்ளி தாண்டினா வந்துடுவான்.”

“அஞ்சரைக்கு வானத்துலேர்ந்து என்னமோ ஒண்ணு பூமிகிட்ட வருதுன்னு டிவியில சொல்றாங்கம்மா. வேற ஏதோ உலகத்துல யாரோ செஞ்சு அனுப்பிச்சதாம். கிரகணம் மாதிரிதான் இதுவும். அந்நேரத்துக்குப் பொணத்த ஊட்டுல வெச்சிக்கினு இருக்கலாமா?”

“கிரகணம்னா பஞ்சாங்கத்துல இருக்கும். இது எதுல இருக்குது?”

“பஞ்சாங்கத்துலயே இல்லன்னாதான்டி பயம்!” என்றாள் அத்தை நாராயணம்மா, அடுக்களையிலிருந்து. தண்ணீர்க் குடங்களில் தர்ப்பை போட்டாயிற்று. கிரகண வேளையில் உலக்கை தானாக நிற்கும் என்பதால், தாம்பாளத்தில் நீர் ஊற்றி அதையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சாய்ந்து பாத்திரங்களின்மேல் விழுந்தது.

“யக்கா, அவ்ளோ தூரத்துச் சேதி நம்ம உலக்கைக்கு வந்து சேர நேரமாவும்” என்றார் ஃபக்ருதீன். குருபரப்பள்ளியில் மண்டி வைத்திருப்பவர்; இறந்துபோன கங்கப்பனின் தக்காளியை வெகு காலமாக வாங்கியவர். துக்க வீட்டில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அருணா சிரிக்கவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். உள்ளே அப்பாவின் முகம். படுக்கையில் விழுந்தபின் அவர் அந்த ஒரு செய்தியைத்தான் பார்த்தார். டிவியில் கல் என்றார் ஒருவர், கலம் என்றார் இன்னொருவர். கங்கப்பன் எவரோடும் வாதிடவில்லை. ஒரு நண்பகலில் கேட்டார்:

“செஞ்சவங்க இன்னும் இருப்பாங்களா அருணா? அனுப்பிட்டு அவங்கல்லாம் செத்துகூட போயிருப்பாங்க. இது மட்டும் வந்துக்கினே இருக்குது பாரு. அது வர அன்னிக்கு என்னத் தூக்கிக்கினு போயி வெளிய படுக்க வை.”

அவள் நிமிர்ந்தாள். “அப்பா அதப் பாக்கணும்னு சொன்னாரு. அது போற வரைக்கும் எடுக்கக் கூடாது. வெளிய வைங்க. பந்தலப் பிரிங்க.”

“பைத்தியமா உனக்கு? ஊரே கதவச் சாத்திக்கினு இருக்குது!”

“ஊருக்கு ஆபத்துன்னா சரி. அப்பாவுக்கு இனிமே என்னா ஆபத்து சித்தப்பா?”

ஃபக்ருதீன் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிச் சாமியானாவின் முதல் முடிச்சை அவிழ்த்தார். திட்டிக்கொண்டே போய் மறுமூலையை அவிழ்த்தவர் மதுரைவீரன்.

குளிப்பாட்டி, மாலையிட்டு, வாசலில் பாடையின்மேல் கிடத்தினார்கள். மூடிய கண்கள் வானை நோக்கியிருந்தன. வெயில் தணிந்தது. மணி ஐந்தரை ஆயிற்று. மேளம் தானாக நின்றது. வீட்டுக்குள் பதுங்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தனர்.

ஒன்றும் தெரியவில்லை. ஒளியில்லை, ஓசையில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆயினும் ஒரு முகமும் தாழவில்லை. எந்தக் கையோ செய்து, எந்த மண்ணிலிருந்தோ புறப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்று, இந்தத் தக்காளித் தோட்டத்தையும் தர்ப்பை மிதக்கும் குடங்களையும் கங்கப்பனையும் கடந்துகொண்டிருந்தது. வானம் அன்றுவரை எவரும் கண்டிராத அளவுக்கு ஆழமாயிருந்தது. மதுரைவீரனின் கைகள் அவரறியாமல் குவிந்திருந்தன.

மகன் ஹரீஷ்குமார் காரிலிருந்து இறங்கி, பையை மண்ணில் போட்டுவிட்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த முகம் நோக்கிய திசையில் அண்ணாந்தான். அருணா சற்று விலகி, தலைமாட்டில் அவனுக்கு இடம் விட்டாள்.

படிப்பவரே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு நாள் வரும். அவசரப்படுத்துவோர் ஆயிரம் காரணம் சொல்வர், கேளாதீர்கள். வந்துகொண்டிருப்பவர் எவராயினும், வந்து சேரும்வரை காத்திருங்கள்.