வெளியே நிற்கும் வேலை

பயிற்சி மையத்தின் பதிவேட்டில் அவர் இறந்த நேரம் காலை பத்து நாற்பத்திரண்டு. இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் தேர்வாளர் அம்மாள் ஒரே சொல்லில் ‘ஆர்வம்’ என்று எழுதியிருந்தார்.

இறந்தவர் அன்று மதியம் மூன்று பேருந்து மாறி வீடு வந்து சேர்ந்தார். இருபத்தொரு ஆண்டுகள் தீயணைப்பாளராக இருந்தவர். எட்டு மாதங்களாகத் தன் நிலையத்துக்குப் பொறுப்பு அலுவலர். பொறுப்பு என்ற சொல் போய் அலுவலர் என்பது மட்டும் நிற்க வேண்டுமானால், தீயணைப்புத் தலைவர்களுக்கான நான்கு வாரப் பயிற்சியை முடிக்க வேண்டும். எழுதும் பலகை வைத்த நாற்காலியில் வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அதை முடித்தும் விட்டார். தன் பலம், பலவீனம் இரண்டையும் வண்ணப் பேனாவால் வரையச் சொன்ன வகுப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கடைசி நாள் செயல்முறைத் தேர்வில்தான் செத்தார்.

மையத்தின் பின்புறம் மூன்று அறைகள் கொண்ட ஒரு கான்கிரீட் வீடு இருக்கிறது. அதற்குள் புகையை நிரப்புவார்கள். உள்ளே எங்கோ ஆள் எடையில் ஒரு பொம்மை கிடக்கும். அலுவலர் தன் குழுவை அனுப்பி அதை வெளியே கொண்டுவர வேண்டும். அவர் நிற்க வேண்டிய இடம் வாசலிலிருந்து பதினைந்து அடி தள்ளி, ஒரு கறுப்புப் பலகைக்குப் பக்கத்தில். மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளைப் பில்லையைக் கழற்றி அலுவலரிடம் கொடுப்பார். அவர் அதைப் பலகையின் கொக்கியில் மாட்டி, பக்கத்தில் நேரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதுவார். வெளியே வருபவர் பில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். கொக்கியில் பில்லை தொங்கினால் ஆள் உள்ளே. பலகை காலியானால் வீடும் காலி.

அவர் நால்வரை அனுப்பினார். ஏழு நிமிடம் நின்றார். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் இல்லை. எட்டாவது நிமிடம் ஒரு சிலிண்டரை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு தானே உள்ளே போனார். அவருடைய பில்லை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கொடுப்பதற்குப் பலகையருகே ஆள் இல்லை. அந்த ஆளே அவர்தான்.

பத்து நாற்பதுக்குத் தேர்வாளர் அம்மாள் மூன்று நீண்ட விசில் கொடுத்தார். கூரை விழப்போகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று அதற்குப் பொருள். நால்வரும் வந்தார்கள், நான்கு பில்லைகளையும் எடுத்துக்கொண்டார்கள். பலகை காலி. இரண்டு நிமிடம் கழித்துத் தேர்வின் கணக்குப்படி கூரை விழுந்தபோது, அலுவலர் மூன்றாவது அறையில் பொம்மையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“பொம்மைய கண்டுபிடிச்சிட்டேன் மேடம்,” என்றார், முகமூடியைக் கழற்றி.

“கண்டுபிடிச்சீங்க. உங்கள யாரு கண்டுபிடிப்பாங்க? நீங்க உள்ள இருக்கறது உங்களுக்கும் பொம்மைக்கும்தான் தெரியும்,” என்றார் அம்மாள்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. அதோடு சரி. அதிலும் தவறினால் பழைய பதவி. அவருடைய நாற்காலிக்கு வேறு ஊரிலிருந்து ஓர் அலுவலர் வருவார். தன் குழுவை, வண்டியை, தானே வண்ணம் அடித்த அந்த நிலையத்தை வேறொருவர் நடத்துவதை அவர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் அறுவை அரங்கின் தலைமைச் செவிலி. பணி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னங்க, போச்சா?”

“செத்துட்டேன்.”

“சரி, கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னார். மகள், கல்லூரியில் கடைசி ஆண்டு, சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறினாள்.

“சிரிக்காதடி. எனக்கு என்ன கஷ்டம்னு உங்களுக்குப் புரியாது,” என்றார் அவர். “பசங்கள நெருப்புக்குள்ள அனுப்பிட்டு வெளிய சாக்பீஸ் பிடிச்சிட்டு நிக்கணும். அது ஒரு வேலையா? பாக்கறவன் என்ன நினைப்பான்? பயந்தாங்கொள்ளின்னுதான்.”

மனைவி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

“பதினாறு வருஷமா நான் கத்திய தொட்டதில்ல,” என்றார் பிறகு. “டாக்டர் வயித்த திறப்பாரு, வெட்டுவாரு, தைப்பாரு. நான் பஞ்சு எண்ணுவேன். உள்ள போனது இருபது, வெளிய வந்தது பத்தொன்பதுன்னா, எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் தையல் போட விடமாட்டேன். நில்லுங்கன்னா நிக்கணும். எனக்கு ஒரு நாளும் நான் பயந்தாங்கொள்ளின்னு தோணல.”

“அது வேற.”

“என்ன வேற? நீங்க எண்ணாம நீங்களே ஒரு பஞ்சா உள்ள போயிட்டீங்க. அவ்வளவுதான்.”

மகளுக்கு இரண்டாவது முறை புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சமையலறை வாசலில் ஒரு பழைய மிதியடியைப் போட்டு, மனைவி அவரை அதன்மேல் நிறுத்தினார். மகள் கழுத்தில் பள்ளிக்கூட நாள் விசில் ஒன்று தொங்கியது.

“இன்னிக்கு எட்டு பேருக்குச் சமையல். நானும் இவளும் உங்க ஆளுங்க. நீங்க மிதியடிய விட்டு இறங்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறோம்.”

“உனக்குத் தெரியாததா? நீயே செய்யேன்.”

“எனக்கு எதுவும் தெரியாது. நான் இன்னிக்கு வேலைக்குச் சேந்த புது ஆளு.”

முதல் கால்மணி நேரம் சுமாராகப் போனது. அரிசியைக் கழுவச் சொன்னார், வெங்காயத்தை நறுக்கச் சொன்னார். மகள் வெங்காயத்தை வேண்டுமென்றே தடிதடியாக நறுக்கினாள். அவர் கத்தியைப் பிடுங்கக் கையை நீட்டினார். விசில் ஊதியது.

“அப்பா, நீங்க செத்துட்டீங்க.”

மறுபடி மிதியடிக்குப் போனார். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார், மனைவியும் பார்த்தார், ஆனால் அசையவில்லை.

“பால் பொங்குது,” என்றார்.

“ஆமா.”

“அடுப்ப அணைங்க யாராவது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் விளிம்பைத் தாண்டியது. அவர் ஒரே தாவாகத் தாவி அணைத்தார். விசில்.

“யாராவதுன்னு யாரும் இந்த வீட்ல இல்ல,” என்றார் மனைவி, துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தபடி. “அரங்கத்துல நான் ‘யாராவது விளக்க திருப்புங்க’ன்னு சொன்னா நாலு பேரு சும்மா நிப்பாங்க. ஆள பாத்து, பேர் சொல்லி, ஒரு வேலை. அவங்க திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் அடுத்தது.”

பன்னிரண்டு மணிக்குள் அவர் ஐந்து முறை செத்தார். ஆனால் ஆறாவது முறை, மகள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஈரக் கரண்டியுடன் போனபோது, அவர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, “பாப்பா, நில்லு. கரண்டிய துடைச்சிட்டு வா,” என்றார். அவள் நின்றாள், “கரண்டிய துடைக்கறேன்,” என்று திருப்பிச் சொன்னாள், துடைத்தாள்.

மைத்துனர் வந்து மிதியடியில் நிற்கும் மனிதரைப் பார்த்து, “என்ன மாப்ள, தண்டனையா?” என்று கேட்டார்.

“பதவி உயர்வு,” என்றாள் மகள்.

தேர்வு நாள் காலை சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மனைவி வேலைக்குப் புறப்படக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து தன் பித்தளைப் பில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத நீ வெச்சிக்க.”

“இது இல்லாம உள்ள போக முடியாதில்ல?”

“அதுக்குத்தான்.”

மனைவி அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் உள்ஜிப்புக்குள் வைத்தார். இருபத்தொரு ஆண்டுகளில் அந்தப் பில்லை பலகைக்குப் போகாமல் வேறொருவரிடம் போனது அதுவே முதல் தடவை.

பயிற்சி மையத்தில் அவருடைய நிலையத்து ஆட்களே அவருக்குக் குழு. அவர்களில் மூத்தவன் குண்டூசி. ஒல்லியான உடம்புக்கும், யாரைப் பேசினாலும் குத்துவதற்கும் சேர்த்து வைத்த பெயர்.

“அண்ணே, இன்னிக்காவது உயிரோட இருங்க. ரெண்டாவது மாலைக்கு எங்ககிட்ட காசில்ல,” என்றான்.

“வாய மூடிட்டு கருவிய சரிபாரு.”

புகை கிளம்பியது. அவர் குண்டூசியையும் ஜோடிக்காரரையும் முதலில் அனுப்பினார், இரண்டு பில்லைகளை மாட்டி நேரம் எழுதினார். இரண்டாவது ஜோடி வாசலில் தயாராக நின்றது. நான்காவது நிமிடம் அவர் காலுக்கு மூன்றடி தள்ளி நீர்க்குழாயின் இணைப்பு ஒன்று விட்டுத் தண்ணீர் பீய்ச்சியது. அம்மாள் ஏற்பாடு செய்தது என்பது பார்த்த உடனே தெரிந்தது. தெரிந்தும் கை துடித்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். “டிரைவர், பம்ப நிறுத்துங்க. இணைப்ப மாட்டிட்டு சொல்லுங்க.” டிரைவர் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார். சட்டை முழுதும் நனைந்தது. நகரவில்லை.

பதினோராவது நிமிடம் வாசலில் ஜோடிக்காரர் பொம்மையை இழுத்துக்கொண்டு வந்து விழுந்தார். பில்லையை வாங்கிக்கொண்டார். பலகையில் ஒன்று மட்டும் தொங்கியது. குண்டூசியுடையது.

“குண்டூசி எங்க?”

“எனக்கு முன்னாடி வந்துட்டான்னு நினைச்சேன் சார். பின் ஜன்னல் பக்கம் போனான்.”

“நினைச்சியா, பாத்தியா?”

ஜோடிக்காரர் புகையைத் திரும்பிப் பார்த்தார்.

புகை வாசலை அடைத்து நின்றது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று பலகை சொன்னது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. நனைந்த துணிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவர் பார்த்தது புகையை அல்ல. தயாராக நின்ற இருவரை.

“நீங்க ரெண்டு பேரும் பில்லைய குடுங்க. பின் ஜன்னல் இருக்கற அறை மட்டும். ரெண்டு நிமிஷம். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் வெளிய வந்திருக்கணும்.”

“பின் அறை, ரெண்டு நிமிஷம்,” என்றார்கள். போனார்கள். பலகையில் மூன்று பில்லைகள் ஆடின. டிரைவரைப் பின்பக்கம் சுற்றிப் பார்த்துவரச் சொன்னார். பிறகு நின்றார். தன் வாழ்நாளில் ஓடியதைவிட அப்படி நிற்பதில் அதிகம் மூச்சு வாங்கியது.

ஒன்றரை நிமிடத்தில் டிரைவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார், குண்டூசியின் காலரைப் பிடித்தபடி. குண்டூசியின் கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

“பின் ஜன்னல் வழியா இறங்கிட்டேண்ணே. தாகமா இருந்துச்சு. பில்லைய மறந்துட்டேன்.”

அலுவலர் முதலில் விசில் ஊதி இருவரையும் வெளியே அழைத்தார். அவர்கள் வந்து பில்லைகளை வாங்கும்வரை குண்டூசியிடம் பேசவில்லை. பிறகு மூன்றாவது பில்லையைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மூடினார்.

“இது தொங்கற வரைக்கும் நீ உள்ள இருக்கடா. எனக்கு நீ உள்ளதான்.”

குண்டூசி தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தான்.

தேர்வாளர் அம்மாள் தாளுடன் வந்தார். “இணைப்பு நான் விட்டது. இது என் ஏற்பாடு இல்ல. தண்ணி குடிக்கறவனத் தேட ரெண்டு பேர அனுப்பியிருக்கீங்க.”

“ஆமா மேடம். பலகைல அவன் உள்ள இருந்தான்.”

அம்மாள் எழுதினார். பிறகு அவருடைய காலியான சட்டைப்பையைப் பார்த்தார். “உங்க பில்லை எங்க?”

“வீட்ல… மனைவிகிட்ட இருக்கு.”

“ஏன்?”

“இருந்தா உள்ள போயிருப்பேன் மேடம்.”

அம்மாள் உபகரணக் குறைபாடு என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார். கீழே ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி இன்னும் சீருடை மாற்றாமல் மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவர் தாளை நீட்டினார். மனைவி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“ரெண்டு மார்க் குறைஞ்சிருக்கே.”

“அது உன்னால.”

மனைவி கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, பில்லையை மேசைமேல் வைத்தார். “காலைல குடுத்தது ஒண்ணு, இப்ப ஒண்ணு,” என்றார். “சரியா இருக்கு.”

பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவினார்.